மயிலம்மாளுக்கு நாற்பத்தொரு புள்ளி

சன்னாசி பட்டியலை மூன்று முறை படித்தார். மேலிருந்து கீழாக ஒரு முறை. கீழிருந்து மேலாக ஒரு முறை. பிறகு கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டு, வரி வரியாக விரல் வைத்து ஒரு முறை. மூன்று முறையும் அவர் பெயர் அதில் இல்லை.

அவர் மனைவியின் பெயர் இருந்தது. இரண்டாவது இடத்தில். ‘மயிலம்மாள். கதவு எண் 14. கணவன் துணையில்லாத பெண். 41 புள்ளி.’

“மண்டோரே, எப்பத் தவறுனீங்க?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. டிராக்டர் ஓட்டும் ரவிச்சந்திரன். “நேத்துக் காலையிலகூட பெரட்டுல நின்னு எங்க பேரெல்லாம் கூப்டீங்களே. அப்ப அது ஆவியா?”

மாரியம்மன் கோயில் மண்டபத்தில் கூடியிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சன்னாசி சிரிக்கவில்லை. சிரிக்கும் நிலையில் அவர் இல்லை.

சுங்கை லிந்தாங் தோட்டம் மலேசியாவின் ரெம்பாவிலிருந்து மோட்டாரில் இருபது நிமிடம். ரப்பர் போய் எண்ணெய் தரும் செம்பனை வந்து நாற்பது வருடமாகிறது. தொழிலாளர் வாழும் லயத்து வீடுகள் மட்டும் இன்னும் ரப்பர் காலத்தவை. அவற்றை வருடக் கடைசிக்குள் இடித்துவிடுவதாக நிர்வாகம் சொல்லிவிட்டது. அதற்குப் பதிலாகச் சாலைக்கு எதிர்ப்புறம் அரசாங்கம் மலிவு விலை வீடுகள் கட்டியிருந்தது. மூன்று அறை, புது ஓடு, வீட்டுக்குள்ளேயே கழிவறை. வீடு பதினாறு. குடும்பம் இருபத்திரண்டு. மீதி ஆறு குடும்பத்துக்கு இரண்டாம் கட்டத்தில் கிடைக்கும் என்றார்கள். முதல் கட்டமே மூன்று தேர்தல் தாண்டி வந்தது. அதனால் இரண்டாம் கட்டத்தைப் பற்றி யாரும் பேசவேயில்லை. பதினாறுக்குள் வந்தால் வீடு. வராவிட்டால் சட்டிபானையைக் கட்டிக்கொண்டு செனாவாங்கில் வாடகைக்குத் தேட வேண்டியதுதான்.

யாருக்கு முதலில் என்பதை முடிவு செய்யும் வேலையை மாவட்ட அலுவலகம் தோட்டத்துக் குழுவிடமே விட்டது. நீங்கள் வரிசை போடுங்கள், நாங்கள் ஆவணங்களைச் சரிபார்க்கிறோம் என்றது. குழு வகுத்த விதி எளிமையானது. குடும்பத் தலைவர் தோட்டத்தில் தொடர்ந்து வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு புள்ளி. பள்ளிக்குப் போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு. வீட்டோடு இருக்கும் முதியவருக்கு மூன்று. கணவன் துணையில்லாத பெண்ணுக்குப் பத்து.

விதி எளிமையாக இருந்ததால் தோட்டம் ஒரு மாதம் கொந்தளித்தது. செரம்பானில் பிள்ளைகள் வீட்டில் மின்விசிறிக்குக் கீழே படுத்திருந்த கிழவர்கள் மூன்று பேர் திடீரென்று லயத்துக்குத் திரும்பினார்கள். மாயாண்டி போய்த் தன் மாமியாரையே கூட்டி வந்தார். பத்து வருடமாக அந்த அம்மாளோடு முகம் கொடுத்துப் பேசாதவர் அவர். வளர்ப்பு மாட்டுக்கு எத்தனை புள்ளி என்று ஒருவர் எழுத்து மூலமாகவே கேட்டிருந்தார்.

சன்னாசிக்கு இடித்தது ‘தொடர்ந்து’ என்ற ஒரே ஒரு வார்த்தை. பதினெட்டு வருடம் தோட்டத்தில் பாடுபட்டவர், நடுவில் செனாவாங் தொழிற்சாலைக்குப் போய்ப் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டார். திரும்பி வந்து ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் ஆகிப் பத்து வருடம்தான் ஆகிறது. ஆக, பத்துப் புள்ளி. பிள்ளை கணக்கும் இல்லை. இரண்டு மகள்களையும் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. பத்தை வைத்துக்கொண்டு பதினாறுக்குள் எப்படி நுழைவது என்று இரண்டு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தவர், பெயரே காணாமல் போகும் என்று நினைக்கவில்லை.

வசந்தன் தூணில் சாய்ந்து நின்றிருந்தான். முப்பத்தொரு வயது. பட்டதாரி. செனாவாங்கில் ஷிப்ட் வேலை. மனைவி இறந்து இரண்டு வருடமாகிறது. அன்றிலிருந்து பேச்சு குறைந்துவிட்டது, எதற்கும் முகம் மாறுவதில்லை. முகம் மாறாதவன்தான் இந்த வேலைக்குச் சரி என்று அவனைக் குழுவுக்குச் செயலாளராக்கியிருந்தார்கள். பட்டியலில் அவன் பெயர் இருபத்திரண்டாவது. அவனே தட்டச்சு செய்தது.

“என்னா வசந்தா இது?”

“அடையாள கார்டு ஐசிய கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தாங்க மாமா. உங்க ரெண்டு பேருக்கும் பூஜாங்னு வருது.”

“பூஜாங்கா? நா கட்டப் பிரம்மச்சாரியா?”

“கல்யாணத்தப் பதியல போல. அத்தை தனி ஆளு. நீங்க தனி ஆளு. கல்யாணமாகாத ஆம்பளைக்கு வீடு இல்ல. அதான் உங்க பேரு வரல.”

“எனக்குக் கல்யாணம் ஆனது இந்தத் தோட்டத்துக்கே தெரியும் லா! இதே மண்டபம். இதே அர்ச்சுனன் ரெண்டு தடவ பந்தியில உக்காந்தாரு.”

“மூணு தடவ,” என்றார் குழுத் தலைவர் அர்ச்சுனன். பொய் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. சன்னாசியின் தோளில் கை போட்டு ஓரமாக நடத்திக்கொண்டு போனார். “யோவ், கத்தாத. ஒன் பேருல போட்டா இருபதாவது எடம். ஒன் பொண்டாட்டி பேருல ரெண்டாவது எடம். தானா வந்தது. வாய மூடிக்கிட்டு சாவிய வாங்கிக்க.”

சன்னாசி பட்டியலை நோக்கித் திரும்பினார். பதினாறுக்குக் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே முதல் பெயர் ரவிச்சந்திரன். மூன்று பிள்ளைக்காரன். இன்னும் சிரித்துக்கொண்டுதான் நின்றான். பக்கத்தில் அவன் மனைவி லோகேஸ்வரி சிரிக்கவில்லை. அவள் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் மயிலம்மாள் உரம் போட்டு வந்த கையுறைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். செய்தியைக் கேட்டதும் முதலில் புரியவில்லை. புரிந்ததும் குழாயை அடைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்து சிரித்தாள். முட்டிவலி வந்த பிறகு அவள் அப்படித் தரையில் உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை.

“அப்ப முப்பத்திரண்டு வருஷமா நா கன்னிப்பொண்ணு. யாருய்யா நீ? என் வீட்டுல ஒனக்கென்னா வேல?”

“சிரிக்காத மயிலு. கிராணிதான் அன்னிக்கு ஆபீஸ்ல எழுதிக்கிட்டாரே. சாப்பா வச்சுக் குடுத்தாரே!”

அதுதான் அந்தத் தோட்டத்தின் வழக்கம். கோயிலில் தாலி கட்டி முடிந்ததும் பொண்ணு மாப்பிள்ளையை நேராகத் தோட்ட ஆபீசுக்குக் கூட்டிப் போவார்கள். தோட்டக் குமாஸ்தாவான கிராணி, வீட்டுப் புத்தகத்தைத் திறந்து பெண்ணின் பெயரை எழுதி, முத்திரை குத்தி, ஒரு சீட்டுக் கொடுப்பார். ஆபீஸ் முத்திரை என்றால் சர்க்கார் முத்திரை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். படித்தவர்கள் பிற்பாடு தனியாகப் போய்ப் பதிந்தார்கள். இவர்கள் போகவில்லை. மகள்கள் பிறந்தபோது மருத்துவமனையில் இரண்டு பேரும் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டார்கள். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மயிலம்மாள் தகரப் பெட்டியின் அடியிலிருந்து அந்தச் சீட்டை எடுத்துக் கொடுத்தாள். நாலாக மடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, தாலிக் கயிற்றுக்கு நிகராகக் காப்பாற்றி வைத்திருந்தாள்.

மறுநாள் வசந்தனையும் கூட்டிக்கொண்டு இருவரும் மாவட்ட அலுவலகத்துக்குப் போனார்கள். அதிகாரி புவான் ரோஸ்னா நிதானமான பெண்மணி. சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். ஆங்கிலத்தில் இருந்தது. ஒருமுறை இருமினார். பிறகு மலாயில் வாய்விட்டுப் படித்துக் காட்டினார்.

“கதவு எண் பதினாலு. அறை ஒன்று. கட்டில் பலகை இரண்டு. தண்ணீர்த் தொட்டி ஒன்று. மனைவி ஒன்று. நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டது.”

“நல்ல நிலையிலதான் ஒப்படைச்சாங்க,” என்றாள் மயிலம்மாள். “இப்பத்தான் முட்டி போச்சு.”

புவான் ரோஸ்னா சிரித்து முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். இரண்டு வழி இருக்கிறது. சட்டப்படி அம்மாளுக்குக் கணவர் கிடையாது. அப்படி ஒரு உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டுவிட்டால் நாற்பத்தொரு புள்ளி நிற்கும். இல்லையென்றால் செரம்பானுக்குப் போய்த் திருமணத்தைப் பதிந்து, சான்றிதழோடு குடும்பமாகப் புதிய மனு கொடுக்க வேண்டும். கடைசிப் பட்டியல் போக ஆறு வாரம் இருக்கிறது.

“குடும்பமாப் போட்டா?” என்று சன்னாசி வசந்தனைக் கேட்டார்.

“பத்து புள்ளி. இருபதாவது.”

சன்னாசி வெகு நேரம் யோசிக்கவில்லை. யோசித்தால் மனம் மாறிவிடும். உறுதிமொழித் தாளை மனைவி பக்கம் நகர்த்தினார். “போடு மயிலு. பேப்பர்ல நா இல்லாட்டி என்னா. ஒன் முட்டிக்கு மாடி வீடெல்லாம் ஒத்துவராது. வீடு வந்தாப் போதும்.”

மயிலம்மாள் பேனாவை எடுத்தாள். “இதுல என்னா எழுதியிருக்கு வசந்தா?”

வசந்தன் படித்தான். “எனக்குக் கணவர் இல்லை என்று உறுதி கூறுகிறேன்.” அவன் குரல் எப்போதும்போல இருந்தது. இதே மாதிரி ஒரு தாளில், ‘துணைவர் இல்லை’ என்ற கட்டத்தில், இரண்டு வருடத்துக்கு முன் அவன் தனக்காக ஒரு கோடு போட்டிருந்தான்.

மயிலம்மாள் அவன் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். பேனாவை மூடிவைத்தாள்.

“முடியாது.”

“ஏ, புள்ள...”

“கல்லு மாதிரி எதுர்ல உக்காந்திருக்க. இல்லேன்னு என் கையால எழுதச் சொல்றியா? நாளைக்கு ஒனக்கு ஒரு தலவலி வந்தாக்கூட நா இந்தக் கையத்தான் பாப்பேன். வீடு பெருசா வீடு! எந்திரி. செரம்பானுக்குப் போவோம்.”

செரம்பான் பதிவு அலுவலகத்தில் திருமண அறிவிப்பு ஒட்டினார்கள். இருபத்தொரு நாள் கழித்து வரச் சொன்னார்கள். அந்த இருபத்தொரு நாளும் தோட்டத்துக்குத் திருவிழாதான். பெரட்டில் வேலை பிரித்துக்கொடுக்க சன்னாசி வாய் திறந்தால், “மாப்ள சொன்னா சரி” என்று கூட்டமாகப் பதில் வந்தது. மாயாண்டி அறிவிப்புப் பலகையைப் படம் பிடித்து வந்து எல்லோருக்கும் காட்டினார். பாரோயில் இருக்கும் சின்ன மகள் குரல் செய்தி அனுப்பினாள். “அப்பா, பொண்ணு நல்ல எடமா? நல்லா விசாரிச்சீங்களா?” ஜொகூரில் இருக்கும் பெரிய மகள், பெற்றோர் கல்யாணத்துக்கு லீவு கேட்டால் ஆபீசில் நம்பமாட்டார்கள் என்று அழுது சிரித்தாள்.

பகல் நேரத்தில் சன்னாசி செனாவாங்கில் வாடகை வீடு பார்த்தார். கட்டுபடியானது ஒன்றுதான் கிடைத்தது. நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது. படிகளை எண்ணினார். அறுபத்து நாலு. வீட்டுக்கு வந்து மூன்றாவது மாடி என்று சொன்னார்.

லோகேஸ்வரி ஒரு நாள் தட்டில் கேசரியோடு வந்தாள். மயிலம்மாள் விலகியதும் பட்டியலில் எல்லோரும் ஒரு படி மேலே ஏறியிருந்தார்கள். ரவிச்சந்திரன் பதினாறாவது.

“அக்கா, எங்களுக்காக நீங்க...”

“ஒங்களுக்காக யாருடி செஞ்சா? என் தாலிக்குச் செஞ்சேன். கேசரியில முந்திரியே காணோம், இதுல பேச்சு வேற.”

லோகேஸ்வரி போன பிறகு முழுத் தட்டையும் மயிலம்மாளே சாப்பிட்டாள்.

இருபத்திரண்டாம் நாள் காலை பதிவு அலுவலகத்தில் நாலு பேர். சாட்சிக்கு வசந்தனும், பாலர் பள்ளி ஆசிரியை அகதாவும். அகதாவும் குழுவில் ஒருத்தி. சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் சத்தமாகச் சிரிப்பாள். அதனால் வசந்தனுக்குப் பக்கத்தில் எல்லோரும் அவளைத்தான் நிறுத்துவார்கள்.

முழுச் சம்மதத்தோடு மணக்கிறீர்களா என்று பதிவு அதிகாரி சன்னாசியைக் கேட்டார். சன்னாசி விறைப்பாக நின்று, “யா, புவான்” என்று மலாயில் ‘ஆமாம் அம்மா’ சொன்னார். அதே கேள்வியை மயிலம்மாளிடம் கேட்டார். அவள் கணவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பிறகு காலிலிருந்து தலைவரை பார்த்தாள்.

“சொல்லேன் மயிலு.”

“இரு. போன தடவ யாரும் என்னயக் கேக்கல. இப்பத்தான் கேக்குறாங்க. யோசிக்க வேணாமா?”

அகதா சிரித்ததில் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் மயிலம்மாள் சம்மதித்தாள். கையெழுத்துப் போட்டாள். முப்பத்திரண்டு வருடமாக நடந்துகொண்டிருந்தது அன்று பதினோரு மணிக்குச் சட்டப்படி தொடங்கியது.

எதிரே ஒட்டுக்கடையில் தேநீர் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். வசந்தன் புதிய மனுப் படிவத்தை மேசையில் விரித்தான். அன்றே ரெம்பா மாவட்ட அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். இருபதாவது இடத்துக்கான மனு என்று எல்லோருக்கும் தெரியும். சன்னாசி நாலாவது மாடியைப் பற்றி எப்போது உண்மையைச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

“மனுதாரர் பேரு...” என்று சொல்லிக்கொண்டே வசந்தன் முதல் எழுத்தைப் போட்டான்.

“அவரு பேரா எழுதுற?” என்றாள் மயிலம்மாள்.

“குடும்பத் தலைவர் பேருதான அத்தை.”

“அப்படின்னு அதுல போட்டிருக்கா?”

வசந்தன் படிவத்தைத் திருப்பிப் பார்த்தான். முன்பக்கம், பின்பக்கம். “மனுதாரர்னுதான் இருக்கு.”

“ஆம்பளன்னு இருக்கா?”

“இல்ல.”

“பின்ன எதுக்குப் பட்டியல் பூரா ஆம்பள பேரு?”

வசந்தன் பேனாவைக் கீழே வைத்தான். அவன் கணக்கு எப்போதும் சரியாக இருக்கும். யாரை வைத்துக் கணக்குப் போடுகிறோம் என்று மட்டும் அவனும் கேட்டுப் பார்த்ததில்லை. “ஆபீஸ் வீட்டுப் புஸ்தகத்தப் பாத்து எழுதுனேன் அத்தை. அதுல எல்லாக் கதவுக்கும் மாமாங்க பேருதான்.”

“அந்தப் புஸ்தகத்துலதான்டா எம்பேரு தண்ணித் தொட்டிக்குக் கீழ இருக்கு!”

அகதாவுக்குத் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. அவள் இருமி முடிக்கும்வரை வசந்தன் காத்திருந்தான். பிறகு சொன்னான். “அத்தை பேருல போட்டா முப்பத்தொண்ணு. கணவன் துணையில்லாததுக்குக் குடுத்த பத்து மட்டும்தான் போகும்.” கொஞ்சம் நிறுத்தி, “ஆறாவது எடம்,” என்றான்.

எல்லோரும் சன்னாசியைப் பார்த்தார்கள்.

சன்னாசி படிவத்தைப் பார்த்தார். மனுதாரர் கட்டத்துக்குக் கீழே இன்னொரு கட்டம் இருந்தது. ‘மனுதாரரைச் சார்ந்திருப்பவர்கள்.’

“என்னய இதுலயா எழுதணும்?”

“ஆமா மாமா.”

“மண்டோர்யா நானு. முப்பது பேர வேல வாங்குறவன். இவளச் சார்ந்து கெடக்குறேன்னு எழுதிட்டா, நாளைக்குப் பெரட்டுல எவன் லா எனக்குப் பயப்படுவான்?”

“இப்ப மட்டும் எவன் பயப்படுறான்?” என்றாள் மயிலம்மாள்.

சன்னாசி தேநீரை ஆற்றினார். ஏற்கெனவே ஆறியிருந்தது.

அவர் தொழிற்சாலைக்குப் போன மாதமே ஆபீசிலிருந்து ஆள் வந்தது. அன்றைய விதிப்படி அந்த வீட்டிலிருந்து யாராவது ஒருவர் தோட்டத்தில் வேலை செய்தால்தான் வீடு, இல்லையென்றால் காலி செய்யுங்கள் என்று. அப்போது மயிலம்மாள், “நா நிக்கிறேன், நீ போ” என்றாள். அவ்வளவுதான் பேச்சு. பன்னிரண்டு வருடம் அவர் குளிர்சாதனத்தில் நின்று பெட்டி அடுக்கினார். அவள் வெயிலில் உரம் சுமந்தாள், உதிரிப் பழம் பொறுக்கினாள். கதவில் அவர் பெயர் இருந்தது. கூரை நின்றது அவள் வேலையில். இரண்டையும் சேர்த்து நினைத்துப் பார்க்க அவருக்கு இத்தனை நாள் தோன்றவில்லை.

“எழுது வசந்தா,” என்றார். “சார்ந்திருப்பவர், சன்னாசி. எழுத்து பெருசா இருக்கட்டும்.”

வசந்தன் எழுதவில்லை. “ஒருத்தருக்கு மட்டும் இப்படிப் போட முடியாது மாமா. போட்டா எல்லாருக்கும் போடணும்.”

“அப்பிடிப் போட்டா நாங்க மறுபடி கீழ போயிருவோமா?”

“தெரியாது. போட்டுப் பாத்தாத்தான் தெரியும்.”

சன்னாசி மனைவியைப் பார்த்தார். “போடு,” என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் மண்டபத்தில் கூட்டம். வழக்கமாகக் கூட்டத்துக்கு ஆண்கள் வருவார்கள், பெண்கள் வாசலில் செருப்போரம் நின்று கேட்பார்கள். அன்று பெண்கள் முன்னாலேயே வந்து நாற்காலிகளைப் பிடித்துவிட்டார்கள். அகதா வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தாள்.

வசந்தன் எழுந்து ஒரே ஒரு திருத்தம் சொன்னான். கணவன், மனைவி இருவரில் தோட்டத்தில் அதிக வருடம் தொடர்ந்து வேலை செய்தவர் மனுதாரர்.

“அதெப்படி?” என்றார் அர்ச்சுனன். “குடும்பத் தலைவர்னா ஆம்பள. காலங்காலமா இருக்குற பழக்கம். ஒரு கல்யாணத்தப் பதிஞ்சதுக்கு ஊரையே தலகீழா நிக்க வைக்கிறதா?”

மயிலம்மாள் எழுந்தாள். கூட்டத்தில் அவள் பேசியதே இல்லை. அதனால் சுருக்கமாகப் பேசினாள். “நடுவுல வெளிய போயி வேல பாத்துட்டு வந்த ஆம்பளைங்க கையத் தூக்குங்க.”

ஒரு கை. இரண்டு கை. பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துப் பார்த்து ஒன்பது கை. சன்னாசியின் கை எல்லோருக்கும் மேலே இருந்தது.

“நீங்க போனப்ப வீட்ட ஏன் ஆபீஸ்காரன் புடுங்கல?”

பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அர்ச்சுனனின் மனைவி பஞ்சாலை. “நல்லாக் கேளு மயிலு. இந்த மனுசன் நாலு வருஷம் சிங்கப்பூர்ல இருந்தாரு. நா இருபத்தெட்டு வருஷமா ஒரே தோட்டத்துல நிக்கிறேன். பட்டியல்ல நா எங்கே?”

அர்ச்சுனன் தண்ணீர் குடித்தார். மெதுவாக, முழுப் போத்தலையும் குடித்தார். போத்தல் காலியானதும் வேறு வழியில்லாமல், “திருத்தம் ஏத்துக்கப்பட்டது” என்றார்.

வசந்தன் புதிய வரிசையைப் படித்தான். அவன் குரலிலிருந்து எதையும் ஊகிக்க முடியாது. முதல் பெயர் தனலெட்சுமி. கணவர் முருகையா செம்பனை மட்டை விழுந்து இறந்து ஏழு வருடமாகிறது. அதில் யாருக்கும் பேச்சில்லை. இரண்டு, மூன்று, நாலு. ஐந்தாவது பஞ்சாலை. ஆறு வேறு யாரோ. ஏழும் வேறு யாரோ. சன்னாசி நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். எட்டும் இல்லை. அறுபத்து நாலு படி அவர் கண்முன் வந்து போனது.

“ஒன்பது. மயிலம்மாள்.”

அவர் விளிம்பை விட்டார். கை வலித்தது. பக்கத்தில் மயிலம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், வெயிலே இல்லாத மண்டபத்தில்.

பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து. ரவிச்சந்திரன் சிரிப்பதை நிறுத்திப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

“பதினாறு. லோகேஸ்வரி.” நாற்றங்காலில் அவள் புருஷனைவிட இரண்டு வருடம் கூடுதலாக வேலை செய்திருந்தாள். ரவிச்சந்திரன் எழுந்து மனைவிக்குச் சலாம் வைத்தான். அவள் அவன் முழங்கையில் ஒரு அடி கொடுத்தாள். மெதுவான அடியில்லை.

பதினெட்டில் மாயாண்டியின் பெயர் வந்தது. முன்பு பதினாலில் இருந்தவர். “அநியாயம்!” என்று எழுந்தார். “என் பொண்டாட்டியும் தோட்டத்துல நின்னிருந்தா...”

“நீங்கதான வெயில்ல கருத்துப் போயிருவேன்னு போவ வேணாம்னீங்க?” என்றாள் அவர் மனைவி.

கூட்டம் அடங்க நேரமாயிற்று. அடங்கியதும், மாயாண்டியின் மாமியார் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். “அப்ப நா கெளம்புறேன். பஸ் எத்தன மணிக்கு?”

மாயாண்டிக்கும் மற்ற ஐந்து பேருக்கும் இரண்டாம் கட்டத்தில் முதல் உரிமை என்று எழுதி, அதில் புவான் ரோஸ்னாவின் கையெழுத்தையும் வாங்கிவிட வேண்டும் என்று முடிவாயிற்று. மாயாண்டிக்குப் பாரோயில் மகன் வீடு இருந்தது. இருந்தாலும் அவர் மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. நாலாம் நாள் பேச ஆரம்பித்தார், நிறுத்தவேயில்லை.

வசந்தன் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது சன்னாசி கேட்டார். “நீ எங்கடா போவே?”

“செனாவாங்ல ஒரு ரூம் பாத்திருக்கேன் மாமா.”

“எங்களுக்கு மூணு ரூமு வருது,” என்றாள் மயிலம்மாள். “ஒண்ணுல நாங்க. ஒண்ணுல அவரோட பழைய சாமான். ஒண்ணு சும்மாத்தான் கெடக்கும். வாடக வேணாம், இவரு கதய யாராவது கேட்டாப் போதும்.”

வசந்தன் அடுக்க எடுத்த நாற்காலியைக் கையில் பிடித்தபடியே நின்றான். “ஷிப்ட் மாறி மாறி வரும் அத்தை. சத்தமா இருக்கும்.”

“சத்தம் வந்தாத்தான் வீடு.”

“பாக்குறேன்,” என்றான். பிறகு மிச்ச நாற்காலிகளை அடுக்கினான்.

சாவி கொடுக்கும் நாள் காலை, புது வீடுகளுக்கு முன்னால் கூடாரம் போட்டிருந்தார்கள். மனுதாரர்கள் முன் வரிசைக்கு வாருங்கள், சார்ந்திருப்பவர்கள் பின்னால் உட்காருங்கள் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். முன் வரிசையில் பதினோரு பெண்கள், ஐந்து ஆண்கள். பின்னால் புருஷன்மார்கள், மடியில் கைப்பையோடும் குடையோடும்.

“ஒன்னாலதான்யா இந்த நெலம,” என்றார் பக்கத்தில் இருந்த அர்ச்சுனன். பஞ்சாலையின் பை அவர் மடியில் இருந்தது. “வாய மூடிக்கிட்டு இருன்னு அன்னிக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்.”

“காத்தாடி இந்தப் பக்கம்தான் சுத்துது தலைவரே. பேசாம உக்காருங்க.”

மயிலம்மாளைக் கூப்பிட்டார்கள். அவள் மேடையேறிக் கையெழுத்துப் போட்டாள். சாவியை வாங்கினாள். எல்லோரையும்போல இருக்கைக்குத் திரும்பவில்லை. கூடாரத்தின் பக்கவாட்டில் இறங்கி, நேராக ஒன்பதாம் எண் வீட்டை நோக்கி நடந்தாள். சன்னாசி அவள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார்.

சாவி உள்ளே போனது. திரும்பவில்லை.

“இங்க குடு, நா தொறக்குறேன்.”

“இரு.”

“புதுப் பூட்டு மயிலு, கொஞ்சம் இழுத்துப் பிடிச்சு...”

“இருய்யா.” அவள் சாவியை மற்றப் பக்கம் திருப்பினாள். கதவு திறந்தது. புதுச் சாயத்தின் வாசனை வந்தது. உள்ளே போய் முதலில் சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்தாள். தண்ணீர் வந்தது. கழிவறைக் கதவைத் திறந்து பார்த்தாள். திறந்து மூடினாள். மறுபடி திறந்தாள்.

சன்னாசி இன்னும் வாசலிலேயே நின்றிருந்தார்.

“என்னாய்யா அங்கயே நிக்கிற?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “செருப்பக் கழட்டிப் போட்டுட்டு வா. தரையெல்லாம் புதுசு.”

அவர் செருப்பைக் கழற்றினார்.